சரிபார்க்கப்பட…

மார்ச் 3, திங்கள்

தமிழில் செய்தி படிக்கும் மக்களின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் இன்றைய தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது. எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஏ.சி. வேலை செய்யாத அறையில், உணவு இடைவேளையையும் தியாகம் செய்து ஒரு சொல்லை முடிவு செய்தோம். சொல்: சரிபார்க்கப்படவில்லை.

'கூவல்' செயலியில் பிறந்தநாள் வாழ்த்து, கோலம், சமையல், சண்டை எல்லாவற்றுக்கும் நடுவே செய்தியும் ஓடுகிறது. பயனர்களிடம் கருத்துக் கேட்டபோது, செய்தியைப் பார்த்தால் படபடப்பாக இருக்கிறது என்று பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். பொய் அதிகம் வருகிறது என்றும் சிலர் சொன்னார்களாம். ஆனால் படபடப்புக்குத்தான் முதலிடம். எனவே 'செய்தி அனுபவ மேம்பாட்டுத் திட்டம்' தொடங்கினார்கள். நான் அதன் மொழி ஆலோசகன். முன்பு ஒரு நாளிதழில் துணையாசிரியனாக இருந்தேன். அங்கே செய்தியை மேம்படுத்தச் சொன்னார்கள். இங்கே அனுபவத்தை மட்டும் மேம்படுத்தினால் போதும்.

திட்டம் எளிது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத செய்தியின் கீழே ஒரு முத்திரை விழும். முத்திரையில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. 'பொய்' என்று எழுதச் சட்டப்பிரிவு சம்மதிக்கவில்லை. பொய் சொன்னவர் வழக்குப் போடுவார். 'வதந்தி' என்றால் பரப்பியவர் மனம் புண்படும். 'சந்தேகம்' என்றால் படபடப்பு. நான் எழுந்து 'சரிபார்க்கப்படவில்லை' என்றேன். செயப்பாட்டு வினை. சரிபார்க்காமல் விட்டது யார் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை. சட்டப்பிரிவு அதிகாரி முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திட்டத் தலைவர் ரோஷ்ணி காமத் நிறத்தையும் முடிவு செய்தார். சிவப்பு படபடப்பைக் கூட்டும் என்று ஆய்வு சொல்கிறதாம். எனவே இளம்பச்சை.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

வடிவமைப்பாளர் ஜெனிட்டா வந்து நின்றார். நாகர்கோவில் பெண். "சார், இதைவிடச் சின்ன வார்த்தை ஒண்ணும் கிடைக்காதா? சின்ன போன்ல இது ஒதுங்காது சார். வெட்டுப்படும்" என்றார்.

சொற்கள் திரைக்காகப் பிறந்தவை அல்ல என்று விளக்கினேன். அப்படியானால் நடுவில் உடைத்து இரண்டு வரியாகப் போடலாமா என்று கேட்டார். 'சரிபார்க்கப்பட' என்று ஒரு வரி, 'வில்லை' என்று ஒரு வரி. இல்லை என்பது இருக்கும் இடத்தில் வில்லை என்று தனியாக நின்றால், படிப்பவர் மாத்திரை விளம்பரம் என்று நினைப்பார் என்றேன். ஒட்டி எழுத வேண்டியதை உடைத்து எழுதினால் நாளை என்னை யாரும் தமிழ் படித்தவன் என்று சொல்ல மாட்டார்கள். அவர் 'சரி சார்' என்று போய்விட்டார். என் போனில் பார்த்தேன். கொஞ்சம் பெரிய போன். சொல் முழுசாக, அழகாக நிற்கிறது.

வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பவானியிலிருந்து பூங்கோதை அக்கா பேசினாள். ஊரில் எல்லாரும் சுகம். மாமா மொபெட்டில் ஜமக்காளமும் போர்வையும் கட்டிக்கொண்டு இப்போது தொலைவில் உள்ள ஊர்களுக்கும் போகிறாராம். ஒரு புது உபாயம் கண்டுபிடித்திருக்கிறார். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் ஒரு பலூன் ஊதுவார். குழந்தைகள் வரும். குழந்தைகளைத் தேடி அம்மாக்கள் வருவார்கள். அம்மாக்கள் வந்தபின் போர்வையை விரிப்பார். இந்த உபாயத்துக்குப் பிறகு வண்டி பாதிக்கு மேல் காலியாகித்தான் திரும்புகிறதாம். மாமா இதை 'மார்க்கெட்டிங்' என்கிறாராம்.

அக்காவுக்கு ஒரு கவலை. கூவலில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று தினமும் ஒரு வீடியோ வருகிறது. "எது நெசம், எது பொய்யின்னே தெரியலடா சாமி. பாத்துப்போட்டு புள்ளைகளத் தெருவுல உடவே பயமா இருக்குது" என்றாள்.

அவளைத் தேற்றினேன். இதற்காகத்தான் நாங்கள் ராப்பகலாக உழைக்கிறோம் என்றேன். நாளை முதல் செய்தியின் கீழே பச்சை முத்திரை வரும், எதையும் நம்புவதற்கு முன் அதைப் பார், அக்கம்பக்கத்திலும் சொல்லிவை என்றேன். அக்கா தன் மகளிர் குழு முழுக்கச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

மார்ச் 7, வெள்ளி

முத்திரை வெளியானது. கேக் வெட்டினார்கள். கேக்கிலும் பச்சை எழுத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். பேக்கரிக்காரருக்கு இடம் போதாமல் கடைசி எழுத்துகளைக் கேக்கின் பக்கவாட்டில் இறக்கியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெனிட்டா என்னைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன்.

மார்ச் 10, திங்கள்

புள்ளிவிவரம் வந்தது. முத்திரை விழுந்த செய்திகளை மக்கள் முன்பைவிட அதிகமாகப் பகிர்கிறார்கள். முத்திரை விழாத செய்திகளை அவ்வளவாகப் பகிர்வதில்லை.

ரோஷ்ணி இதை ஆங்கிலத்தில் நெடுநேரம் விளக்கினார். பயனர் சந்தேகமான செய்தியை அடுத்தவருக்கு அனுப்பி எச்சரிக்கிறார், இது முதிர்ச்சி. படபடப்பு பற்றிய புகாரும் குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முதலீட்டாளர்கள் வருகிறார்கள். அவர்கள் முன் இதை வைக்கப்போகிறோம். நான் சொல்லின் தேர்வைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

மகிழ்ச்சியான நாள். தூக்கம் மட்டும் சரியில்லை. கேன்டீன் குருமாவில் சோம்பு அதிகம்.

மார்ச் 11, செவ்வாய்

ஒருவழியாக வாஷர் வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள் குழந்தையிடம் பலூன் நீட்டுகிறான். பின்னணியில் ஒரு பெண் குரல், பலூன் கொடுத்துப் பிள்ளை பிடிக்கும் கும்பல் நம் மாவட்டத்துக்குள் நுழைந்துவிட்டது என்கிறது. எந்த மாவட்டம் என்று சொல்லவில்லை. அதனால் எல்லா மாவட்டத்துக்கும் பொருந்தும்.

இதையெல்லாம் நம்பலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"நான் கண்டதையும் நம்புற ஆள் இல்ல சார்" என்று அவர் போனை என் பக்கம் திருப்பினார். "கீழ பாருங்க. செக் பண்ணிட்டுத்தான் போடுறான். இப்போ புதுசா வந்திருக்கு."

கீழே பச்சைப் பட்டை. அதில் இருந்தது: சரிபார்க்கப்பட…

அவருடைய போன் பழையது. திரையும் சிறியது. ஓரத்தில் விரிசல் வேறு. எல்லா போனும் அப்படி இருக்காது. வரும் வழியில் பூக்காரம்மாவின் போனையும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போனையும் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் போனைத் திருப்பிக்கொண்டார்.

வாஷரை மாற்றினேன். அளவு தவறு. இன்னும் சொட்டுகிறது.

மாமா பலூன் கொடுப்பது வேறு விஷயம்.

மார்ச் 12, புதன்

ரோஷ்ணிக்கு 'ஒரு சிறு கவனிப்பு' என்ற தலைப்பில் மின்னஞ்சல் அனுப்பினேன். சில கைபேசிகளில் முத்திரையின் இறுதிப் பகுதி தென்படாமல் போகும் வாய்ப்பு உள்ளதாகத் தெரிகிறது என்று எழுதினேன். யாருக்கும் படபடப்பு வராதபடி எழுதியிருந்தேன். வரவில்லை. அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்று பதில் வந்தது. கூடவே சிரிக்கும் முகம் ஒன்று.

ஜெனிட்டாவிடம் போனேன். "வெட்டுப்படும்னு அன்னைக்கே சொன்னேம்லா சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை; அதுதான் சங்கடமாக இருந்தது. தமிழ்ப் பயனர்களில் பெரும்பாலோரிடம் சின்னத் திரைதான் என்றார். ரோஷ்ணி வரைக்கும் போகவே வேண்டாம், இரண்டு வரியாக உடைப்பது தன் கையில் இருக்கும் வேலை, இன்றைக்கே செய்துவிடலாம் என்றார். மொழி ஆலோசகர் என்ற முறையில் 'சொல்லை உடைக்கலாம்' என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை முதலீட்டாளர்கள் முன்னால் அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உடைந்த சொல்லைப் பற்றி எப்படிப் பேசுவது?

அக்காவுக்கு போன் செய்தேன். கொஞ்ச நாளைக்கு மாமா பலூன் கொடுக்க வேண்டாம் என்றேன். காரணம் கேட்டாள். வீடியோ ஒன்று சுற்றுகிறது என்றேன். அதைத் தானும் பார்த்ததாகச் சொன்னாள். மாமா போனை வாங்கிக்கொண்டார்.

"ஏன் மாப்ளே, புள்ள புடிக்கிறவன் ஜமக்காளத்தக் கட்டிக்கிட்டு மொபெட்டுல வருவானா? முக்கி முக்கி ஓட்டுனாலும் அது நாப்பதத் தாண்டாது. புள்ளயே எறங்கி நடந்து ஊட்டுக்குப் போயிரும்."

எல்லாரும் சிரித்தோம். நாளை மறுநாள் ஒரு புது ஊருக்குப் போகப்போகிறாராம். சந்தை நாள், பிள்ளைகள் அதிகம் இருக்கும் என்றார்.

மார்ச் 13, வியாழன்

வேறு சொல் தேடுவதில் நாள் முழுக்கப் போனது. உடைக்காமலும் இருக்க வேண்டும், வெட்டுப்பட்டாலும் பொருள் மாறக் கூடாது. ஜெனிட்டா ஒரு சின்ன போனைக் கொடுத்தார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பட்டையில் கடிகாரப் படமும் பகிரும் பொத்தானும் போக எழுத்துக்கு மிச்சம் இருப்பது குறுகிய இடம்தான். எழுத்தின் அளவையும் பெரிதாக்கியிருக்கிறார்கள். சிறிய எழுத்து படபடப்பைத் தருமாம்.

'உறுதிசெய்யப்படவில்லை' என்பது 'உறுதிசெய்யப்ப…' என்று நின்றது. 'உண்மையென்று தெரியவில்லை' என்பது 'உண்மையென்று…' ஆனது. இதைவிடத் தெளிவாகப் பொய்க்கு யாரும் சான்று கொடுக்க முடியாது. 'ஆதாரம் கிடைக்கவில்லை' என்பது 'ஆதாரம் கிடை…' 'நம்பிவிட வேண்டாம்' என்பது 'நம்பிவிட…'

இத்தனை வருடமாக இந்த மொழியில் பிழை திருத்தி வாழ்ந்திருக்கிறேன். இது தோன்றியதே இல்லை. தமிழில் எதைச் சொன்னாலும் 'இல்லை' கடைசியில்தான் வருகிறது. கடைசிவரை பொறுமையாகக் கேட்கிறவனுக்காக உண்டான மொழி. இதைக் கட்டுரையாக எழுதலாம்.

ஜெனிட்டா மாலையில் மறுபடி வந்து கேட்டார். 'சொல்லை இரண்டு வரியாக உடைத்துக்கொள்ளலாம். தி. நன்மாறன், மொழி ஆலோசகர்' என்று மின்னஞ்சல் எழுதிவிட்டேன். வரைவில் இருக்கிறது. நாளைக் கூட்டம் முடிந்ததும் அனுப்புவேன். ஒருநாளில் ஒன்றும் ஆகாது.

கடைசி வாக்கியத்தை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அடித்தால் பக்கம் அசிங்கமாகும். இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

முதலீட்டாளர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. சொல்லைப் பெரிய திரையில் பார்த்துவிட்டு, பார்க்கவே நம்பிக்கை தருகிறது என்றார். எனக்குக் கைதட்டல்.

கூட்டம் என்பதால் போனை அமைதியில் போட்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் திரை முழுக்க அக்காவின் பெயர்.

மார்ச் 15, சனி

ஈரோட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனாவை ஒரு நர்சிடம் இரவல் வாங்கினேன்.

நடந்ததை அக்கா சொன்னாள். மாமா ஊர்முனையில் மொபெட்டை நிறுத்திப் பலூன் ஊதியிருக்கிறார். ஒரு சின்னப் பெண் வந்தது. பலூனைக் கொடுத்தார். அந்தப் பக்கம் போன ஒருவன் நின்று, போனை எடுத்து, மாமாவையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். பிறகு நாலு பேர். அதன் பிறகு எத்தனை பேர் என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அவர் ஜமக்காளத்தைக் காட்டியிருக்கிறார். குழந்தையைச் சுருட்டி எடுத்துப்போகத்தான் ஜமக்காளம் என்று ஒருவன் விளக்கம் சொல்லியிருக்கிறான். கூட்டத்தில் வயதான ஒருவர், வீடியோ பொய்யாகவும் இருக்கலாம், விசாரித்துவிட்டு அடிக்கலாம் என்று தடுத்திருக்கிறார். அவர் முன்னால் ஒரு பையன் போனை நீட்டியிருக்கிறான். அவர் படித்துப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்.

போன தீபாவளிக்கு வேறொரு ஊரில் மாமாவிடம் போர்வை வாங்கிய பெண் ஒருத்தி சந்தைக்கு வந்திருக்கிறாள். அவள் நடுவில் புகுந்து, இது பவானி ஜமக்காளக்காரர் என்று கத்தி, மாமாவின் மேல் விழுந்து மறைத்திருக்கிறாள். அவளுக்கும் இரண்டு அடி. அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

மாமாவின் முகம் வீங்கி அடையாளம் தெரியவில்லை. விலா எலும்பில் கட்டு. இடது காதில் பஞ்சு. தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருக்கிறார்.

அக்கா அழவில்லை. பஞ்சாயத்தில் கணக்குக் கேட்பது போல நிதானமாகக் கேட்டாள்.

"முத்திரையப் பாத்துப்போட்டு நம்போணும்னு நீதானே சொன்னே? அவனுங்க அதப் பாத்துப்போட்டுத்தான்டா அடிச்சிருக்கானுங்க. பச்சையில இருக்குது பாருன்னு சொல்லிச் சொல்லி அடிச்சானுங்களாம்."

தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்னேன். சின்னத் திரைகளில் மட்டும் வருவது என்றும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காபி வாங்கி வரச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது மாமா விழித்திருந்தார். என் குரலைக் கேட்டு, "மாப்ளயா?" என்றார். வலது பக்கம் வந்து உட்காரச் சொன்னார்.

"அதுல என்னதான் மாப்ளே எழுதியிருந்துச்சு?"

சரிபார்க்கப்படவில்லை, என்றேன்.

அவர் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உதடு கிழிந்திருந்ததால் பாதியில் நின்றுவிட்டது. "பெரிய வார்த்தையா இருக்குது" என்றார்.

மார்ச் 17, திங்கள்

வரைவில் இருந்த மின்னஞ்சலை அனுப்பினேன். ஜெனிட்டா உடனே திரையைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தது. காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நான் காபி குடிக்கவில்லை.

அனுப்பிய தேதி மின்னஞ்சலில் தானாக விழுகிறது. எழுதிய தேதி விழுவதில்லை.

ரோஷ்ணி கூப்பிட்டு அனுப்பினார். உறவினருக்கு நேர்ந்தது பற்றிக் கேள்விப்பட்டதாகவும் மிக வருந்துவதாகவும் சொன்னார். பிறகு, அந்தச் சம்பவத்துக்கும் முத்திரைக்கும் தொடர்பு இருப்பதாக வெளியே யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அக்காவிடம் சொன்னது வெளியே ஆகாது. உண்மையில் அவள்தான் என்னிடம் சொன்னாள்.

மார்ச் 20, வியாழன்

முத்திரை இப்போது எல்லா போனிலும் இரண்டு வரியில் நிற்கிறது. ஹார்டுவேர் கடைக்கு மறுபடி போனேன். சரியான அளவு வாஷர் கிடைத்தது. கடைக்காரர் போனைக் காட்டி, புதிதாக 'வில்லை' என்று ஏதோ போடுகிறான், மருந்து கம்பெனி விளம்பரமா என்று கேட்டார். மேல்வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்றேன். அவர் சேர்த்துப் படித்தார். மறுபடி படித்தார். "அப்போ இத்தனை நாளா?" என்றார். பாக்கிச் சில்லறையைக் கொடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

முத்திரை விழுந்த செய்திகளைப் பகிர்வது குறைந்துவிட்டதாகப் புள்ளிவிவரம் வந்திருக்கிறது. கூட்டத்தில் இதைக் கவலையோடு பேசினார்கள். படபடப்பு பற்றிய புகார்களும் பழைய அளவுக்கு வந்துவிட்டன. பழைய வடிவத்துக்கே திரும்பலாமா என்று ஒரு குழு ஆராயப்போகிறது. அதில் என் பெயரும் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறார். 'படவில்லை' என்பதை உடைத்து 'வில்லை' என்று தனியே எழுதியிருப்பது மன்னிக்க முடியாத பிழை. இதை அனுமதித்த மொழி ஆலோசகர் யார் என்று தெரிய வேண்டும். பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது என்று எழுதினேன். செயப்பாட்டு வினை.

மார்ச் 24, திங்கள்

குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பவானிக்குப் பேசினேன். மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். மொபெட் போலீஸ் நிலையத்தில் நிற்கிறது. ஜமக்காளங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அக்கா போனை அவரிடம் கொடுத்தாள். நான் நலம் விசாரித்தேன். பதில் இல்லை. மறுபடி விசாரித்தேன். அக்கா அவரிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு மாமா போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு, "இப்பச் சொல்லு மாப்ளே" என்றார்.